டெலிசெர்யே: காதலர்களைச் சேரவிடாமல் வைத்திருக்கும் கலை

2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிலிப்பைன்சின் ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சியில் ஒரு பணிப்பெண்ணின் கதை தொடங்கியது. செல்வந்தர் வீட்டில் வேலை செய்யும் ஆமோரும் அவ்வீட்டு மகன் எதுவார்தோவும் காதலிக்கிறார்கள். குடும்பத்தின் செல்வாக்குக்கு ஏற்றவள் என்று கருதப்பட்ட கிளாவுதியாவுக்கு எதுவார்தோ மணம் முடிக்கப்பட, வயிற்றில் பிள்ளையோடு ஆமோர் விரட்டப்படுகிறாள். பிறந்த பெண்குழந்தையைப் பிரிந்து வெளிநாடு சென்ற அவள், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆமோர் பவர்ஸ் என்ற பெயருடன் பெரும் செல்வத்தோடு பழிவாங்கத் திரும்புகிறாள். இதற்கிடையில் அவளுடைய மகள் இனா என்ற பெயரில் வேறொரு ஏழைக் குடும்பத்தில் வளர்ந்து, எதுவார்தோவுக்கும் கிளாவுதியாவுக்கும் மகனாக வளர்ந்த ஆஞ்செலோவையே காதலிக்கிறாள். காதலிக்கும் இருவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகளோ என்ற ஐயம் எழுகிறது. அவர்களுக்கிடையே இரத்த உறவு இல்லை என்பது வெளிப்பட்டு, இருவரும் சேர்ந்து, தொடர் முடிவதற்குள் 2002 செப்டம்பர் வந்துவிட்டது.

‘பங்காகோ சா யோ’, அதாவது ‘உனக்கு நான் தரும் வாக்கு’ என்று பெயரிடப்பட்ட அந்தத் தொடரின் கதையை இப்படிச் சில வரிகளில் சொல்லக் கேட்பவர்களுக்கு அது நம்பமுடியாததாகவும், ஓரளவு சிரிப்பூட்டுவதாகவும் தோன்றக்கூடும். ஆனால் டெலிசெர்யே என்று பிலிப்பைன்ஸ் மக்கள் அழைக்கும் கலைவடிவத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. அந்த வடிவத்தின் முழு இயக்கமும் ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது: ஒருவரை ஒருவர் விரும்பும் இருவரை எவ்வளவு காலம், எந்தெந்தக் காரணங்களால் சேரவிடாமல் வைத்திருக்கலாம்? தாமதம் எல்லா நாட்டுக் காதல் கதைகளுக்கும் பொதுவானதுதான். அந்தத் தாமதத்துக்குப் பிலிப்பைன்ஸ் தொடர்கள் கற்பிக்கும் காரணங்கள் அந்நாட்டின் சட்டத்திலிருந்தும் குடும்ப வழக்கத்திலிருந்தும் பொருளாதாரத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. அங்கேதான் அவற்றின் தனித்தன்மை இருக்கிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். தொலைக்காட்சி என்பதற்கான ‘டெலிபிஷோன்’, தொடர் என்பதற்கான ‘செர்யே’ ஆகிய இரு சொற்களின் சேர்க்கையே டெலிசெர்யே. அதற்கு முன்பு அந்நாட்டுத் தொடர்கள் சோப் ஓப்பரா என்றும், மெக்சிகோ வழக்கைப் பின்பற்றி டெலிநொவெலா என்றும் அழைக்கப்பட்டன. ‘பங்காகோ சா யோ’வின் வெற்றியோடு டெலிசெர்யே என்ற சொல் நிலைபெற்று, பிற்பாடு எந்த நிறுவனம் தயாரித்ததானாலும் அந்நாட்டு நெடுந்தொடர் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. வார நாட்களில் தினமும் ஒளிபரப்பாவது, பெரும்பாலும் பிலிப்பினோ மொழியில் பேசுவது, ஒரு கட்டத்தில் திட்டவட்டமான முடிவுக்கு வருவது ஆகியவை அதன் அடிப்படை இயல்புகள். பல பத்தாண்டுகள் முடிவே இல்லாமல் ஓடும் அமெரிக்க சோப் ஓப்பராவிலிருந்து அந்த முடிவு அதை வேறுபடுத்துகிறது. பதினாறு பகுதிகளுக்குள் அளந்து எழுதப்படும் வழக்கமான கொரியத் தொடரிலிருந்து அதை வேறுபடுத்துவது, எப்போது முடியும் என்பது தொடங்கும்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்ற நிலை.

இந்த வடிவம் தொலைக்காட்சியில் பிறந்ததன்று. 1949இல் வானொலியில் ஒலிபரப்பான ‘கூலோங் ங் பாலாத்’, அதாவது ‘விதியின் சக்கரம்’, அந்நாட்டின் முதல் வானொலி நெடுந்தொடராகக் குறிப்பிடப்படுகிறது. அது 1977இல் தொலைக்காட்சிக்கும், 2006இல் மீண்டும் புதிய நடிகர்களோடு தொலைக்காட்சிக்கும் வந்தது. தொலைக்காட்சிக்கென்றே உருவான முதல் நெடுந்தொடர் 1963இல் வந்த ‘ஹிவாகா சா பாஹாய் நா பாத்தோ’, அதாவது ‘கல்வீட்டின் மர்மம்’. 1972இல் அதிபர் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தபோது ஏபிஎஸ்-சிபிஎன் மூடப்பட்டது. 1986இல் மக்கள் எழுச்சி அவரை அகற்றிய பிறகே அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மற்ற அலைவரிசைகளில் கொடிகட்டிப் பறந்தவை துன்பப்படும் சிறுமிகளின் கதைகள். ‘ஃப்ளோர்தெலூனா’வில் ஜானிஸ் தெ பெலனும் ‘அன்னா லிசா’வில் ஜூலி வேகாவும் நாட்டையே அழவைத்தார்கள். 1985இல் ஜூலி வேகா 16 வயதிலேயே இறந்துபோனது, தொடர் பார்த்தவர்களுக்குத் தங்கள் வீட்டுப் பிள்ளையின் இழப்பாகவே இருந்தது.

அழும் சிறுமிக்கும் காதல் நாயகிக்கும் இடையே பாலமாக அமைந்தது 1992 முதல் 1997 வரை ஓடிய ‘மாரா கிளாரா’. மருத்துவமனையில் பிறந்தபோதே இரண்டு பெண்குழந்தைகள் மாற்றப்படுகின்றன. செல்வந்தர் வீட்டு இரத்தமான மாரா ஏழையாகவும், குற்றவாளி ஒருவனின் மகளான கிளாரா செல்வச் செழிப்பிலும் வளர்கிறார்கள். உண்மை எழுதப்பட்ட ஒரு நாட்குறிப்பு யார் கையில் கிடைக்கும் என்பதே பார்வையாளர்களைப் பல ஆண்டுகள் கட்டிப்போட்டது. மாராவாக நடித்த ஜூடி ஆன் சான்டோஸ் அந்நாட்டின் ‘ஆப்பி’ நாயகிக்கு, அதாவது எப்போதும் ஒடுக்கப்பட்டும் பொறுத்துக்கொண்டும் இருக்கும் நல்லவளுக்கு, இலக்கணமானார்; கிளாராவாக நடித்த கிளாடிஸ் ரேயஸ் கொடுமைக்காரிக்கு இலக்கணமானார். குழந்தை மாற்றம் என்ற உத்தி எங்கும் உள்ளதுதான் என்றாலும், ஐந்தாண்டுகள் ஒரு நாட்குறிப்பைச் சுற்றிக் கதையை நகர்த்திய துணிச்சலைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

1996இல் வெளியிலிருந்து ஒரு புயல் வந்தது. பிலிப்பினோ மொழியில் குரல் மாற்றப்பட்ட ‘மரிமார்’ என்ற மெக்சிகோ தொடர் ஆர்பிஎன் அலைவரிசையில் ஒளிபரப்பாகி நாட்டை ஆட்டிவைத்தது. அதன் நாயகி தாலியா மணிலாவுக்கு வந்தபோது திரண்ட கூட்டம் ஒரு நாட்டுத் தலைவருக்குக் கிடைக்கக்கூடிய வரவேற்பை ஒத்திருந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே ஸ்பானியப் பேரரசின் கீழ் இருந்த இரு நாடுகளுக்கிடையே கத்தோலிக்கம், பெருநிலப் பண்ணைகள், கலப்பினத் தோற்றத்தை அழகென்று கருதும் மனப்பான்மை ஆகியவை பொதுவாக இருந்ததால், மெக்சிகோவின் ஏழைப்பெண் கதை மணிலாவில் அந்நியமாகத் தெரியவில்லை. உள்ளூர் நிறுவனங்கள் பாடம் கற்றுக்கொண்டன: கதை வேகமாக நகர வேண்டும், காதல் நடுவில் நிற்க வேண்டும், முடிவு என்று ஒன்று இருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளில் வந்த ‘பங்காகோ சா யோ’ அந்தப் பாடத்தின் விளைவுதான். ‘மரிமார்’ கதையையே 2007இல் ஏபிஎஸ்-சிபிஎன்னின் போட்டித் தொலைக்காட்சியான ஜிஎம்ஏ நிறுவனம் மரியான் ரிவேராவையும் டிங்டாங் டான்டெசையும் வைத்து உள்நாட்டுத் தொடராக எடுத்தது. இருவரும் பின்னாளில் நிஜ வாழ்விலும் மணந்துகொண்டார்கள்.

மறைக்கப்பட்ட பிறப்பு என்ற கரு மட்டும் மெக்சிகோவிலிருந்து வரவில்லை. பிலிப்பைன்சின் தேசிய நாயகராகப் போற்றப்படும் ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட ‘நோலி மே தாங்கெரே’ நாவலில், காதலன் இபார்ராவிடமிருந்து பிரிக்கப்படும் மரியா கிளாரா உண்மையில் பாதிரியார் தாமசோவின் இரகசிய மகள். ஸ்பானிய ஆட்சியையும் திருச்சபையின் அதிகாரத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அந்நாவல், அவ்வதிகாரத்தின் குற்றத்தை ஒரு பெண்ணின் பிறப்பில் ஒளித்துவைத்திருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி ரிசாலின் வாழ்வும் எழுத்தும் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயப் பாடம். ஆகவே நாட்டின் ஒவ்வொரு மாணவரும் சேர முடியாத காதலர்களையும் வெளியே சொல்ல முடியாத தந்தையையும் பாடநூல் வழியாகவே அறிந்துகொள்கிறார். மாரா, கிளாரா என்ற பெயர்கள் காதில் விழும்போது ஒரு பிலிப்பைன்ஸ் பார்வையாளருக்கு மரியா கிளாரா நினைவுக்கு வராமல் இருந்திருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். 2022இல் ஜிஎம்ஏ இதை வெளிப்படையாகவே செய்தது. இன்றைய செவிலியர் படிப்பு மாணவி ஒருத்தி ரிசாலின் நாவலுக்குள் சென்று மாட்டிக்கொள்ளும் ‘மரியா கிளாரா அட் இபார்ரா’, பாடநூலை வெறுத்த இளைஞர்களையும் அந்நாவலின் பக்கம் திருப்பியது.

அடுத்து, சட்டத்தைக் கவனிக்காமல் இக்கதைகளைப் புரிந்துகொள்ள முடியாது. பிலிப்பைன்சில் பொது மணமுறிவுச் சட்டம் இல்லை. முஸ்லிம்களுக்கு மட்டும் 1977ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தொகுப்பு அதற்கு இடம் தருகிறது. மற்றவர்கள் தங்கள் திருமணம் செல்லாது என்று நீதிமன்றத்தில் நிறுவியாக வேண்டும். அதற்கு ஆகும் செலவும் காலமும் சாதாரணக் குடும்பங்களால் தாங்கக்கூடியவை அல்ல. 2024 மே மாதம் பிரதிநிதிகள் அவை ஒரு மணமுறிவு மசோதாவை நிறைவேற்றிய பிறகும் அது செனட்டைக் கடந்து சட்டமாகவில்லை. எனவே ஒரு தொடரில் எதுவார்தோ கிளாவுதியாவை விட்டு விலகி ஆமோரை மணப்பது என்பது மனம் வைத்தால் முடிகிற காரியமன்று. கட்டப்பட்டவர் கட்டப்பட்டவர்தான். கணவனின் மற்றொரு பெண்ணைக் குறிக்கும் ‘கபித்’ என்ற சொல்லுக்கு ‘ஒட்டவைக்கப்பட்டது’ என்பது நேர்ப்பொருள். 2014இல் வெற்றிபெற்ற ஒரு தொடரின் பெயரே ‘சட்டப்பூர்வ மனைவி’ என்று பொருள்படும் ‘தி லீகல் வைஃப்’. மணமுறிவு எளிதாக உள்ள நாட்டில் அப்படி ஒரு தலைப்புக்கு இவ்வளவு கூர்மை இருந்திருக்குமா என்பது ஐயமே.

அதே சட்டம் பிள்ளைகள் மீதும் கோடு கிழிக்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்தவரை அந்நாட்டு வழக்கில் ‘அனாக் சா லபாஸ்’, அதாவது ‘வெளியே உள்ள பிள்ளை’ என்பார்கள். 1987ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தொகுப்பின்படி அப்பிள்ளைக்குரிய கட்டாய வாரிசுப் பங்கு, முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளையின் பங்கில் பாதி மட்டுமே. 2004இல் திருத்தம் வரும்வரை, தந்தை ஏற்றுக்கொண்டாலும்கூட அப்பிள்ளை தாயின் குடும்பப் பெயரையே தாங்க வேண்டியிருந்தது. இதை அறிந்த பிறகு, யார் யாருடைய மகள் என்பதைத் தொடர்கள் நூற்றுக்கணக்கான பகுதிகளாக ஏன் துருவிக்கொண்டிருக்கின்றன என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. மரபணுச் சோதனை முடிவுகள் அடங்கிய உறையை நடுங்கும் கைகளால் பிரிக்கும் காட்சியில் உணர்ச்சியோடு நிலமும் வீடும் பெயரும் சேர்ந்தே பிரிக்கப்படுகின்றன.

சட்டத்தைவிட வலிமையான இன்னொரு தடையும் உண்டு. ‘உத்தாங் நா லோ-ஒப்’ என்று பிலிப்பினோவில் ஒரு சொற்றொடர் வழங்குகிறது. ‘உள்ளத்தின் கடன்’ என்று அதைச் சொல்லலாம். உயிர் காத்தவருக்கும் வளர்த்தவருக்கும் படிக்கவைத்தவருக்கும் ஒருவர் பட்டிருக்கும், பணத்தால் தீர்க்க முடியாத நன்றிக்கடன் அது. வளர்த்த தாய் வேண்டாம் என்று சொன்னால் காதலை விட்டுக்கொடுக்கும் நாயகியைப் பார்த்து வெளிநாட்டுப் பார்வையாளர் எரிச்சலடையலாம். அந்நாட்டுப் பார்வையாளரும் எரிச்சலடைவார், ஆனால் அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று கேட்கமாட்டார்.

ஆமோர் வெளிநாடு சென்று செல்வந்தராகத் திரும்பியதும் வெறும் கற்பனைத் திருப்பமன்று. 1974ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்புக்குப் பிறகு வெளிநாட்டு வேலைவாய்ப்பைப் பிலிப்பைன்ஸ் அரசே திட்டமிட்டு ஒழுங்கமைத்தது. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பிறர் வீட்டுக் குழந்தைகளை வளர்ப்பதற்காகத் தங்கள் குழந்தைகளைப் பாட்டியிடம் விட்டுச் சென்ற தாய்மார்கள் பல இலட்சம் பேர். குழந்தையைத் தொலைத்த தாயும் தாயை அறியாத மகளும் அந்நாட்டுத் திரையில் திரும்பத் திரும்ப வருவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அத்தாய்மார்களும் பார்வையாளர்களே. 1994இல் ஏபிஎஸ்-சிபிஎன் தொடங்கிய ‘தி பிலிப்பினோ சேனல்’ வழியாக, ஊரில் பிள்ளைகள் பார்க்கும் அதே தொடரை அவர்கள் வேறொரு நாட்டிலிருந்து பார்த்தார்கள். தொலைபேசியில் பேசிக்கொள்ளப் பொதுவாக ஒரு கதை இருந்தது.

தடைகளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தால் மக்கள் ஏன் விரும்பிப் பார்க்கிறார்கள் என்பது விளங்காது. அதற்கு ‘கிலிக்’ என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். காதல் நெருக்கத்தைக் கண்டு உடலில் ஓடும் சிலிர்ப்பு என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தனக்கு நேர்ந்தால்தான் வரும் என்றில்லை. இரண்டு பேர் கூச்சத்தோடு பார்த்துக்கொள்வதைத் தூரத்திலிருந்து கண்டாலும் வரும். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும் இச்சொல்லை ஏற்றுக்கொண்டது. கைகள் தற்செயலாகத் தொட்டுக்கொள்வது, மழையில் ஒரு குடையின் கீழ் நிற்பது போன்ற சிறிய நிகழ்வுகளை மெதுவாகக் காட்டி, அதற்கென்றே பாடப்பட்ட ஒரு காதல் பாடலைப் பின்னணியில் ஓடவிட்டு, பார்வையாளரிடம் இந்தச் சிலிர்ப்பை எழுப்புவது ஒரு டெலிசெர்யேவின் தலையாய கடமை. தழுவலும் முத்தமும் அதற்குத் தேவையில்லை; சில நேரங்களில் அவை கெடுக்கவும் செய்யும்.

கிலிக்கை எழுப்புவதற்காகவே ‘லவ் டீம்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. இரு நடிகர்களை நிரந்தர இணையாக அறிமுகப்படுத்தி, தொடரிலும் திரைப்படத்திலும் விளம்பரத்திலும் மேடையிலும் சேர்த்தே நிறுத்தி, இருவரும் உண்மையிலேயே காதலிக்கிறார்களா என்ற கேள்வியை விடை சொல்லாமல் நீட்டிப்பது அதன் உத்தி. 1970களின் நோரா ஆனோர்–திர்சோ குரூஸ் இணை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. கத்ரின் பெர்னார்டோவும் டேனியல் பதில்யாவும் ‘கத்நியேல்’ என்ற ஒற்றைப் பெயராகி, 2015இல் ‘பங்காகோ சா யோ’வின் மறு ஆக்கத்தில் இனாவாகவும் ஆஞ்செலோவாகவும் நடித்தார்கள். நிஜத்திலும் இணைந்திருந்த அவர்கள் பிரிந்துவிட்டதாக 2023 நவம்பர் இறுதியில் அறிவித்தபோது, அது நாட்டின் தலைப்புச் செய்தியாக இருந்தது. இந்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு: பதின்ம வயதில் இணைக்கப்பட்ட இருவர் வேறொருவருடன் நடிக்கவும் பழகவும் ரசிகர்களின் அனுமதியை எதிர்பார்த்து நிற்கும் நிலை, கலைக்கும் நல்லதன்று, அவர்களுக்கும் நல்லதன்று.

தாமதம், கிலிக் இரண்டும் எப்படி ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது டெலிசெர்யே ஒன்றன்று. அதைக் கேலிசெய்து உருவான ஒரு நிகழ்ச்சிப் பகுதி. 2015 ஜூலையில் ‘ஈட் புலாகா’ என்ற நண்பகல் கேளிக்கை நிகழ்ச்சியில், ‘தெரு’ என்று பொருள்படும் ‘கால்யே’ என்ற சொல்லைச் சேர்த்து ‘கால்யேசெர்யே’ என்ற பகுதி தற்செயலாக உருவானது. அரங்கில் நின்ற ஆல்டன் ரிச்சர்ட்சும், ஊருக்குள் ஏதோ ஒரு தெருவில் நின்ற பணிப்பெண் வேடக்காரி மேய்ன் மென்டோசாவும் இரண்டாகப் பிரிக்கப்பட்ட திரையில் மட்டுமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பேசிக்கொள்வதில்லை, பாடல் வரிகளுக்கு வாயசைத்தும் காகிதத்தில் எழுதிக் காட்டியும் கருத்தைத் தெரிவிப்பார்கள். ‘லோலா நிதோரா’ என்ற பாட்டி வேடத்தில் வந்த வாலி பயோலா, ‘சரியான காலம்’ வரும்வரை சந்திக்கக் கூடாது என்று தடை போட்டார். டெலிசெர்யேவின் ஒவ்வொரு இலக்கணத்தையும், பணிப்பெண்ணையும் கண்டிப்பான பெரியவரையும் எதிர்பாராத இடையூறுகளையும், அது மிகைப்படுத்திச் சிரிக்கவைத்தது; சிரித்தவர்களே உண்மையாகவும் உருகினார்கள். ஒருவழியாக அக்டோபர் 24 அன்று புலாக்கானில் உள்ள பிலிப்பைன் அரினாவில் இருவரும் மேடையில் சந்தித்தபோது அந்த மாபெரும் அரங்கு நிரம்பி வழிந்தது. ட்விட்டரில் அது தொடர்பாக எழுந்த பதிவுகள் 4 கோடிக்கும் மேல். கட்டித் தழுவலுக்கு மூன்று மாதங்கள் காத்திருந்ததே அந்த எண்ணிக்கையின் இரகசியம்.

காதலர்களைப் பிரிக்கும் வேலையைச் சட்டமும் கடனும் செய்தாலும், திரையில் அதற்கு ஒரு முகம் வேண்டும். நாயக நாயகியர் ‘பிடா’ என்றால், எதிர்த்து நிற்பவர் ‘கொன்ட்ராபிடா’. பெரும்பாலும் பெண், பெரும்பாலும் நேர்த்தியான உடையும் வரைந்த புருவமும் கொண்டவர். ‘பங்காகோ சா யோ’வில் கிளாவுதியாவாக நடித்த ஜீன் கார்சியாவும் ஆமோராக நடித்த யூலா வல்டெசும் மோதிக்கொண்ட காட்சிகள் கால் நூற்றாண்டு கடந்தும் இணையத்தில் நகைச்சுவைத் துணுக்குகளாகச் சுற்றிவருகின்றன. கன்னத்தில் விழும் அறைக்கு ‘சம்பால்’ என்று பெயர். எத்தனை சம்பால், யார் கையால், எந்தச் சொல்லுக்குப் பிறகு என்று எடைபோடும் இரசிகர் மரபே இருக்கிறது. என் கணிப்பில் ஆமோர் பவர்சின் நிலையான புகழுக்குக் காரணம், அவள் பிடாவாகவும் கொன்ட்ராபிடாவாகவும் ஒரே உடலில் இருந்ததுதான். பணிப்பெண்ணாக அழுதவள் எசமானியாகத் திரும்பி அடிக்கும்போது, பொறுமையே பெண்ணின் அணி என்று மாராவின் காலம் சொல்லிவந்த பாடம் முடிவுக்கு வந்தது.

எல்லாத் தொடர்களும் இப்படிக் கத்தி முனையில் நடப்பதில்லை. 2012 முதல் 2014 வரை நண்பகலுக்கு முன்பு ஒளிபரப்பான ‘பி கேர்ஃபுல் வித் மை ஹார்ட்’ தொடரில், மனைவியை இழந்த ஒரு செல்வந்தரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் மாயா என்ற பெண் மெல்ல மெல்ல அவர் மனத்தில் இடம்பிடிக்கிறாள். பெரிய வில்லியோ துப்பாக்கியோ இல்லாமல், சமையலறைப் பேச்சிலேயே அது இரண்டு ஆண்டுகளைக் கடந்தது. 2014இல் தொடங்கிய ‘ஃபாரெவர்மோர்’ தொடர் பெங்கெட் மலைப்பகுதியில் லா பிரேசா என்ற சிற்றூரில் ஸ்ட்ராபெர்ரி பயிரிடும் எளிய மக்களிடையே நிகழ்கிறது. படப்பிடிப்பு நடந்த இடத்தைப் பார்க்க வந்த கூட்டம் அந்த மலைக்காட்டுக்கே சுமையாகி, சூழலியல் ஆர்வலர்களின் கவலைக்கு உள்ளானது. 2013இல் ஜிஎம்ஏ ஒளிபரப்பிய ‘மை ஹஸ்பண்ட்ஸ் லவர்’ மணமான ஓர் ஆணின் காதலராக இன்னொரு ஆணை நிறுத்தி, கத்தோலிக்க நாட்டின் இரவு நேரத் தொலைக்காட்சியில் அதுவரை யாரும் செய்யாததைச் செய்தது.

இவை தயாராகும் முறையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதை எழுதப்படுகிறது. ஒளிபரப்புக்குச் சில நாட்களுக்கு முன்புவரை படப்பிடிப்பு நடப்பது நெடுங்காலமாக வழக்கம். பார்வையாளர் எண்ணிக்கை உயர்ந்தால் கதை நீளும்; இறங்கினால் சுருக்கி முடிக்கப்படும். ஏபிஎஸ்-சிபிஎன் ஓர் அளவீட்டு நிறுவனத்தின் கணக்கையும் ஜிஎம்ஏ வேறொன்றின் கணக்கையும் மேற்கோள் காட்டியதால், ஒரே இரவில் இரு தரப்பும் முதலிடம் பிடித்த விந்தையும் நடந்ததுண்டு. நீட்டிப்பின் உச்சம், காதல் தொடரன்று, காவல்துறை அதிரடித் தொடர்: 2015இல் தொடங்கிய ‘ஆங் ப்ரொபின்ஸ்யானோ’ 2022 ஆகஸ்டு வரை 1,696 பகுதிகள் ஓடியது. சாகடிக்கப்பட்டவர் திரும்பி வருவதும், நினைவிழப்பும், இரட்டையர் வருகையும் இப்படிப்பட்ட நீட்டிப்பின் குழந்தைகளே. எழுத்தாளரின் திறமைக் குறைவென்று மட்டும் அவற்றைக் கொள்வது நியாயமன்று. இந்த அவசரத்துக்கு விலை கொடுத்தவர்கள் படப்பிடிப்புத் தளத்தில் இருந்தவர்கள். 2019 ஜூனில் 90 வயது மூத்த நடிகர் எடி கார்சியா ஒரு தொடரின் படப்பிடிப்பில் தடுமாறி விழுந்து, அதன் விளைவாக இறந்தார். திரைத்துறைத் தொழிலாளர்களின் வேலை நேரத்தையும் பாதுகாப்பையும் வரையறுக்கும் சட்டம் அவர் பெயராலேயே 2024இல் நிறைவேறியது.

தொடர்களின் உலகம் 2020இல் தலைகீழானது. ஏபிஎஸ்-சிபிஎன்னின் ஒளிபரப்பு உரிமம் மே மாதம் காலாவதியாகி அலைவரிசை நிறுத்தப்பட்டது. ஜூலை 10 அன்று பிரதிநிதிகள் அவைக் குழு 70க்கு 11 என்ற வாக்குகளில் புதிய உரிமத்தை மறுத்தது. அந்நாட்டில் நிறுவனங்கள் பார்வையாளர்களைக் குடும்ப உறவாக அழைப்பது வழக்கம்: ஏபிஎஸ்-சிபிஎன்னுக்கு ‘கபமில்யா’, அதாவது குடும்பத்தவர், ஜிஎம்ஏவுக்கு ‘கபுசோ’, அதாவது ஒரே இதயத்தவர். அந்த இரு வீடுகளுக்கும் நடுவே இருந்த சுவர் பல பத்தாண்டுகள் நடிகர்களையும் இரசிகர்களையும் பிரித்துவைத்திருந்தது. அலைவரிசையை இழந்த நிறுவனம் கம்பித் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் பிறரது அலைவரிசைகளுக்கும் தன் தொடர்களைக் கொண்டுசென்றபோது அச்சுவர் மெல்ல இடிந்தது. 2023இல் இரு தரப்பும் சேர்ந்து ‘அன்பிரேக் மை ஹார்ட்’ என்ற தொடரைத் தயாரித்தன. பகைவர் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றுசேரும் கதையை நிறுவனங்களே நடித்துக்காட்டியதாக அப்போது பலருக்கும் தோன்றியிருக்கும்.

இத்தொடர்களின் பயணம் நாட்டுக்குள் நின்றுவிடவில்லை. ‘பங்காகோ சா யோ’ மலேசியாவிலும் சீனாவிலும் ஒளிபரப்பானது; ‘தி பிராமிஸ்’ என்ற பெயரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் அதற்குத் தீவிர இரசிகர்கள் உருவானார்கள். பிரிட்டனின் ‘டாக்டர் ஃபாஸ்டர்’ தொடரைத் தழுவி 2022இல் வந்த ‘தி புரோக்கன் மேரேஜ் வாவ்’ போன்றவை எதிர்த்திசைப் பயணம். மூலத்தில் துரோகம் செய்த கணவனிடமிருந்து மனைவிக்கு விலகும் வழி சட்டத்தில் இருந்தது. பிலிப்பைன்சின் பாகியோ நகருக்கு வந்த கதையில் அதே துரோகத்துக்கு அந்த வழி அடைபட்டிருந்தது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவருக்கு 2015ஆம் ஆண்டின் ‘பங்காகோ சா யோ’வைவிட 2000ஆம் ஆண்டின் மூலத்தையே பரிந்துரைப்பேன், படத்தின் தரம் மங்கலாக இருந்தாலும் ஆமோரும் கிளாவுதியாவும் அங்கேதான் முழு உருவத்தில் இருக்கிறார்கள். நீண்ட தொடருக்குப் பொறுமை இல்லாதவர் ‘மரியா கிளாரா அட் இபார்ரா’விலிருந்து தொடங்கலாம். எதைப் பார்த்தாலும் கடைசி வாரத்தில் நாயகியோ குழந்தையோ கடத்தப்பட்டு, யாரும் பயன்படுத்தாத ஒரு கிடங்கில் கட்டிவைக்கப்படுவார். கொன்ட்ராபிடா கையில் துப்பாக்கி இருக்கும். ஒரு தீவிபத்தோ வெடிவிபத்தோ நிகழும். அந்தக் கிடங்கைப் பற்றிப் பிலிப்பைன்ஸ் மக்களே ஓயாமல் கேலி பேசுகிறார்கள். அதற்கு அடுத்த காட்சியில் மருத்துவமனைக் கட்டிலும், அதற்கு அடுத்த காட்சியில் தேவாலயத்திலோ கடற்கரையிலோ வெள்ளை உடையில் ஒரு திருமணமும் வரும். மறுநாள் வார நாளாக இருந்தால், அதே நேரத்தில் வேறொரு பணிப்பெண் வேறொரு பெரிய வீட்டின் கதவைத் தட்டுவாள்.